தையல்காரரிடம் கேளுங்கள்: அப்பாவின் கோட்டும் இந்த வருடத்துப் பேன்ட்டும்

நான் முதன்முதலாக ஊசி பிடித்தது மதுரை புதுமண்டபத்தில். மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்து, சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்துப் பழகினேன். அப்புறம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கோட்டும் பேன்ட்டும் வெட்டக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்து 42 வருடம் ஆகிறது. புதுமண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பழைய துணியைக் கையில் எடுத்தால் மட்டும் எனக்கு அந்த மண்டபத்தின் குளிர்ச்சி ஞாபகம் வந்துவிடும்.

இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாமே பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியவை போலிருக்கின்றன. பழைய உடையை இன்றைய உடையோடு சேர்த்துப் போடுவது எப்படி என்றுதான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். கடிதமும் அதன் கீழே என் பதிலுமாக ஒவ்வொன்றாகத் தருகிறேன்.

என் அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. 1979இல் அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட் சூட் இன்னும் பீரோவில் இருக்கிறது. கரும்பழுப்பு நிறம், காலர் மடிப்பு ரொம்ப அகலம், பேன்ட் பெல்பாட்டம். தை மாதம் தங்கையின் ரிசப்ஷனுக்கு அதைப் போட ஆசைப்படுகிறேன். அம்மாவும் போடச் சொல்கிறார். நான் அப்பாவைவிடக் கொஞ்சம் பருமன். இந்தக் காலத்துக்குத் தகுந்தபடி எப்படி மாற்றுவது?
— வங்கி ஊழியர், திண்டுக்கல்

தம்பி, கோட்டை உடனே போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் புரட்டி உள்பக்கத்தைப் பாருங்கள். பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலில் இரண்டு பக்கமும் ஒன்று, ஒன்றரை இஞ்ச் துணி மடிந்து கிடக்கும். கோட்டின் முதுகுத் தையலிலும் விலாத் தையலிலும் முக்கால் இஞ்சாவது இருக்கும். லைனிங் மூடியிருந்தால் கீழ் விளிம்பில் ஒரு சாண் பிரித்துப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆண்கள் வாழ்நாளில் ஒரு தடவைதான் கோட் தைப்பார்கள், அதுவும் கல்யாணத்துக்கு. 25 வயதில் தைத்தது 45 வயதிலும் உதவ வேண்டும் என்றுதான் டெய்லர் மிச்சத் துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்து விடுவார். உங்கள் உடம்புக்கு வேண்டிய துணியை 1979இலேயே ஒருவர் அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்து தோள். மார்பு, இடுப்பு, கை நீளம் எதையும் சரிசெய்துவிடலாம். தோளை மாற்றுவதென்றால் கையைக் கழற்றி, காலரைக் கழற்றி, கோட் விறைப்பாக நிற்க உள்ளே வைத்திருக்கிற கான்வாஸ் துணி வரைக்கும் போக வேண்டும். அது கிட்டத்தட்டப் புதுக் கோட் தைக்கிற வேலை. கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்னால் கோட்டின் தோள் முட்டினால் தோள் பெரிது என்று அர்த்தம். அரை இஞ்ச் வரை பெரிதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அழகாகத்தான் இருக்கும். தோள் சிறியதாக இருந்து, கை மூட்டில் துணி இழுத்துக் குழி விழுந்தால் அந்தக் கோட் உங்களுக்கு இல்லை. சித்தப்பா மகன், பெரியப்பா மகன் யாருக்காவது பொருந்துகிறதா பாருங்கள்.

காலர் மடிப்பைக் குறுக்கச் சொல்லி யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். நாலு இஞ்ச் அகலத்தை இரண்டரையாக வெட்டினால் மடிப்பில் இருக்கிற காஜா ஓரத்துக்குப் போய்விடும். மேல் காலரும் கீழ் மடிப்பும் சேருகிற இடம் கோணும். அகலக் காலரும் குறுகிய காலரும் மாறி மாறி வருகிறவைதான். இப்போது அகலம் திரும்பியிருக்கிறது. கோட்டில் நான் தொடச் சொல்வது இரண்டே இடம். இடுப்புப் பக்கம் உங்கள் உடம்புக்குத் தகுந்தபடி பிரித்து விடுவது, கை நீளத்தைச் சட்டைக் கஃப் அரை இஞ்ச் தெரிகிற அளவுக்கு வைப்பது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே மடிந்திருந்த துணி வெளிச்சம் படாமல் இருந்ததால் நிறம் சற்று அடர்த்தியாக இருக்கலாம். பழைய மடிப்புக் கோடும் தெரியலாம். ஒரு விரற்கடை மட்டும் பிரித்து, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டு இஸ்திரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பளி கலந்த துணி என்றால் கோடு பெரும்பாலும் மறையும். டெரிகாட் ரகத்தில் பாலியெஸ்டர் இழை சூட்டில் மடிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முழுக்கப் போகாது. அந்த இடம் கைக்குக் கீழே மறைகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேன்ட்டின் பாட்டம் 24 இஞ்ச் இருக்கும் என்று நினைக்கிறேன். 18 இஞ்சாகக் குறைத்தால் இன்றைய நேர் பேன்ட் ஆகிவிடும். முழங்காலிலிருந்து கீழே, உள்தையலிலும் வெளித்தையலிலும் சமமாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் இஸ்திரிக் கோடு காலைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். பிடித்த துணியில் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் உள்ளே இருக்கட்டும். முழுவதையும் வெட்ட விடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த ஐந்தாம் வருடம், ஒருவர் தன் அப்பாவின் கோட்டைப் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். தையல் தட்டையாக உட்கார வேண்டும் என்று உள்ளே இருந்த துணியையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து அதே கோட்டோடு வந்து, உடம்பு போட்டுவிட்டது, கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்றார். பிரிக்க ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு என் மாஸ்டர் சொன்னது ஒரே வரி: “துணி நாளைக்கும் வேணும்டா.” அதற்கப்புறம் யாருடைய பழைய துணியிலும் நான் கத்திரி வைத்ததில்லை. மடிப்பதோடு சரி.

ரிசப்ஷனுக்குக் கோட்டையும் பேன்ட்டையும் சேர்த்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. தலை முதல் கால் வரை 1979ஆக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நாடக உடுப்பு மாதிரி தோன்றும், உங்களுக்கும் கூச்சம் வரும். கோட்டை மட்டும் எடுங்கள். கீழே இன்றைய வெட்டில் தைத்த பாலாடை நிறப் பேன்ட் அல்லது சாம்பல் நிறப் பேன்ட். உள்ளே வெள்ளைச் சட்டை, டை வேண்டாம். ஷூ கரும்பழுப்பு. அப்பாவின் பேன்ட்டை இன்னொரு நாள் வெள்ளை டீ ஷர்ட்டோடு போட்டு வெளியே போய் வாருங்கள்.

அப்புறம், கோட்டின் உள்பையை வெளியே இழுத்து அதன் துணியில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். சில டெய்லர்கள் பேரும் தேதியும் அங்கே எழுதுவார்கள். இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள்.

ஐயா, ஆன்லைனில் இடுப்பில் ப்ளீட் மடிப்பு வைத்த அகலப் பேன்ட் வாங்கினேன். படத்தில் இருக்கிற பையனுக்கு அருமையாக இருக்கிறது. எனக்குப் பெரியப்பா பேன்ட்டைக் கடன் வாங்கிப் போட்ட மாதிரி தொங்குகிறது. உயரம் 5 அடி 4 இஞ்ச்.
— கல்லூரி மாணவர், திருச்சி

உயரம் காரணம் இல்லை தம்பி. பேன்ட் நிற்கிற இடம்தான் காரணம். 1950களில் எடுத்த குடும்பப் புகைப்படம் ஏதாவது வீட்டில் இருந்தால் பாருங்கள். பெல்ட் தொப்புள் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து துணி நேராக இறங்கும். அதனால் கால் நீளமாகத் தெரியும். அந்தப் பேன்ட்டின் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இடுப்பைத் தொப்புளுக்கு மூன்று இஞ்ச் கீழே வைத்துச் சில ரெடிமேட்கள் வருகின்றன. அப்போது பின்பக்கம் தொங்கும், ப்ளீட் வாய் பிளக்கும், கால் குட்டையாகத் தெரியும்.

ப்ளீட் என்பது உட்காரும்போது தொடைக்கு இடம் கொடுக்க வைத்தது. நிற்கும்போது மூடியிருக்க வேண்டும். நிற்கும்போதே திறந்திருந்தால் பேன்ட் பின்பக்கம் இறுக்கம் என்று அர்த்தம்.

ஒரு பேன்ட்டாவது டெய்லரிடம் தைத்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து கவட்டை வரைக்கும் உள்ள உயரத்தை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் அளந்து வைக்கச் சொல்லுங்கள். 58 இஞ்ச் அகலத் துணியில் சாதாரண பேன்ட்டுக்கு 1.20 மீட்டர் போதும். ப்ளீட்டும் உயர்ந்த இடுப்பும் வேண்டுமென்றால் 1.40 எடுங்கள். துணி கொஞ்சம் கனமாக இருக்கட்டும். மெல்லிய துணி காற்றில் காலோடு ஒட்டிக்கொள்ளும், அகலம் வைத்ததற்கே பலன் இருக்காது. துணியை நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் மாதிரி நேராக விழ வேண்டும். உங்கள் உயரத்துக்குப் பாட்டம் 18 இஞ்ச் சரியாக இருக்கும், 22 வேண்டாம். கீழே வெளிமடிப்பும் வேண்டாம், அது காலைக் குறுக்கே வெட்டிக் காட்டும். சட்டையை உள்ளே விடுங்கள், அல்லது பெல்ட்டுக்கு இரண்டு இஞ்ச் கீழேயே முடிகிற குட்டைச் சட்டை போடுங்கள். இவ்வளவு செய்தால் அந்தப் படத்துப் பையனைவிட நன்றாக இருப்பீர்கள்.

வேட்டிக்கு மேல் பிளேஸர் போட்டு, காலில் வெள்ளை ஸ்னீக்கர் போட்டு ஆபீஸ் பொங்கல் விழாவுக்குப் போனேன். நண்பர்கள் பிரமாதம் என்றார்கள். அப்பா “இது என்ன கோலம்” என்றார். யார் சொல்வது சரி?
— மென்பொருள் ஊழியர், கோவை

மேலே கோட், கீழே வேட்டி என்பதற்கு உங்கள் அப்பா கோபப்பட்டிருந்தால் அவரிடம் பாரதியார் படத்தைக் காட்டுங்கள். வேட்டி, கறுப்புக் கோட், தலைப்பாகை. நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் வக்கீல்கள், வாத்தியார்கள் பலர் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள். புதிதாக வந்த கோட்டை, விட மனமில்லாத வேட்டியோடு சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்கிற கலவையை அவர்கள் அப்போதே செய்து முடித்துவிட்டார்கள்.

அந்தப் படங்களை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோட் நீளம், இடுப்புக்குக் கீழே நன்றாக இறங்கும். பட்டன் மேலே வரைக்கும் போட்டிருக்கும். வேட்டி கட்டினால் இடுப்பில் மடிப்பு சேர்ந்து பருமன் கூடும். இன்றைய குட்டை பிளேஸர் சரியாக அந்தப் பருமனின் மேலே வந்து நிற்கிறது, முன்பக்கம் திறந்து கட்டைக் காட்டுகிறது. உங்கள் அப்பா கண்ணுக்கு உறுத்தியது அதுவாகத்தான் இருக்கும். இரண்டு இஞ்ச் நீளம் கூட்டி, கழுத்து மூடிய கோட்டாகத் தைத்துக்கொள்ளுங்கள். கை இல்லாத ஜாக்கெட் என்றாலும் சரி. வெளிர்சாம்பல், கருநீலம் இரண்டும் வெள்ளை வேட்டிக்கு நன்றாகப் பொருந்தும்.

வேட்டி எட்டு முழமாக இருக்கட்டும். இரட்டையாக மடிந்து கனம் கொடுக்கும், கோட்டின் கனத்துக்கு ஈடாக நிற்கும். நாலு முழம் காற்றில் பறந்து மேலே ஒரு எடை, கீழே ஒரு எடை என்று தெரியும். கரை ஒரு இஞ்சுக்குள், சட்டை நிறத்தையோ கோட் நிறத்தையோ தொட்டுக்கொண்டு. ஒட்டிக்கோ வேட்டி கட்டுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நாள் முழுக்க நடந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஸ்னீக்கர் விஷயத்தில் நான் அப்பா பக்கம். ஷூவின் புடைத்த நாக்கில் வேட்டி விளிம்பு இடித்து மேலே ஏறும், கரை நேராக நிற்காது. தோல் செருப்புப் போடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோலுக்கு வெளிநாட்டில் மரியாதை இருக்கிறது, நம் காலிலும் இருக்கட்டும்.

2014இல் வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அந்த வருடமே தமிழக சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதற்கப்புறம் என் கடைக்கு வேட்டிக்குப் பொருத்தமாகக் கோட் கேட்டு வருகிற இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

தாத்தாவின் கதர் ஸ்லாக் சட்டைகள் ஐந்து கிடைத்தன. இப்போது பாக்ஸி என்று விற்கிற சட்டை மாதிரியே இருக்கின்றன. அப்படியே போடலாமா? இரண்டில் மஞ்சள் கறை, ஒன்றில் காலர் நைந்திருக்கிறது.
— வாசகர், விருதுநகர்

உங்கள் ஊரில் பிறந்த காமராஜர் அரைக்கை அகலமாக, தொளதொளவென்று, நீளமாகப் போட்ட கதர்ச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாக் சட்டையும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். கீழ் விளிம்பு நேராக இருக்கும், உள்ளே விடாமல் போடுவதற்காக. பக்கத்தில் சிறு பிளவு இருக்கும். பாக்ஸி என்று இன்று விற்பதும் இதே வெட்டுதான், நீளம் மட்டும் குறைவு.

ஆகவே நீளத்தை மட்டும் பாருங்கள். தாத்தா சட்டை தொடை பாதி வரை வந்தால், பேன்ட் ஜிப்பின் பாதி உயரத்துக்கு வருகிற மாதிரி ஏற்றி மடியுங்கள். வெட்ட வேண்டாம், உள்மடிப்பை அகலமாக வைத்தால் போதும், கதர் அந்தக் கனத்தில் இன்னும் நன்றாகத் தொங்கும். பிளவை அதே அளவுக்கு மேலே ஏற்றித் தைக்க மறக்காதீர்கள். மேலே இவ்வளவு அகலம் இருப்பதால் கீழே நேரான ஜீன்ஸ் போடுங்கள். இரண்டும் அகலமாக இருந்தால் ஆள் உள்ளே காணாமல் போய்விடுவார்.

மஞ்சள் கறை பழைய வியர்வையும் கஞ்சியும் சேர்ந்தது. ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊற வையுங்கள். குளோரின் வகை வேண்டவே வேண்டாம், வயதான பருத்தி இழையை அது அரித்துவிடும். இனிமேல் பெட்டியில் வைக்கும்போது கஞ்சி போடாமல் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து.

நைந்த காலரைத் திருப்பிவிடலாம். காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, கீழ்ப்பக்கம் மேலே வருமாறு திருப்பி அதே இடத்தில் வைத்துத் தைப்பது. நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். என் சின்ன வயதில் வாரத்துக்குப் பத்துச் சட்டையாவது இப்படி வரும். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

கதர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையை விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த வீதியில் நடக்கும்போதெல்லாம், ஒரு மனிதர் என்ன உடுத்துவது என்று எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணாச்சி, பழைய மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி மூன்று மீட்டர் வீட்டில் கிடக்கு. சட்டை தைத்தால் பழசாகத் தெரியுமா? சாயமும் போகிறது.
— கடை வைத்திருப்பவர், திருநெல்வேலி

சாயம் போவதுதான் அதன் பெருமை அண்ணாச்சி. 1960களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் துணியை, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி ஒன்றோடொன்று கலக்கும் என்று சொல்லியே விற்றார்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் அதற்குப் பெரிய பலன் கிடையாது. தைப்பதற்கு முன் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காய வைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும்.

கட்டத் துணியில் டெய்லரின் கை தெரியும். முன்பக்கப் பட்டியில் கட்டம் தொடர வேண்டும். பை இருக்கிற இடமே தெரியாத மாதிரிக் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். அதற்கு அரை மீட்டர் கூடத் துணி பிடிக்கும், உங்களிடம் இருக்கிறது. திறந்த காலர், அரைக்கை, கீழே ஒற்றை நிறப் பேன்ட். பழசாகத் தெரியாது.

தாத்தாவின் சாவி கொடுக்கிற ஹெச்எம்டி கடிகாரத்தை ஹூடியோடு கட்டலாமா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

தாராளமாக. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த பரம்பரை அது. ஒரு தடவை சர்வீஸ் கொடுங்கள், ஸ்டீல் பட்டையை எடுத்துவிட்டுப் பழுப்புத் தோல் பட்டை போடுங்கள், தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். இறுக்கமாகத் தட்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பரீட்சைக்கும் கட்டிக்கொண்டு போங்கள்.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது. 1995இல் எந்த மாதிரிப் பேன்ட் சட்டை போட்டாரோ அதையேதான் இன்னும் தைத்துப் போடுகிறார். பையன் கேலி செய்கிறான். ஒல்லிப் பேன்ட் வாங்கிக் கொடுத்தோம், ஒரு நாள் போட்டுவிட்டுக் கழற்றிவிட்டார். எப்படி மாற்றுவது?
— இல்லத்தரசி, காரைக்குடி

தங்கச்சி, அவரை மாற்ற வேண்டாம். உங்கள் பையனிடம் சொல்லுங்கள், அவன் வயதுப் பையன்கள் இன்று தேடி வாங்குவது அப்பா அலமாரியில் இருக்கிற பேன்ட்டைத்தான். இரண்டு ப்ளீட், உயர்ந்த இடுப்பு, தொடையில் தாராளம். கொஞ்சம் வயிறு போட்டவருக்கு இதைவிட வசதியான பேன்ட் கிடையாது. அவர் அந்த ஒல்லிப் பேன்ட்டைக் கழற்றியதில் நியாயம் இருக்கிறது. வயிற்றுக்குக் கீழே போய் நிற்கிற பேன்ட், நாள் முழுக்க மேலே இழுத்துவிடச் சொல்லும்.

என் அனுபவத்தில் 95 வாக்கில் தைத்த ஆடையில் இன்று பழசாகத் தெரிகிறவை மூன்று இடம். பேன்ட் பாட்டத்தை முழங்காலிலிருந்து லேசாகச் சரித்து 16 இஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். சட்டைத் தோள் தையல் கை மேல் வழிந்து இறங்கியிருக்கும், அடுத்த சட்டை தைக்கும்போது தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் சட்டைத் துணி. பளபளக்கிற பாலியெஸ்டர் கலப்பை விட்டுவிட்டுப் பருத்தியோ லினனோ எடுங்கள். லினன் என்றால் தைப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் போட வேண்டும். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊரில் இருக்கிறீர்கள். அந்தக் கரும்சிவப்பு, கடுகு மஞ்சள் நிறங்களில் ஒரு அரைக்கைச் சட்டை தைத்துக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கு அது புதிதாகவும் இருக்கும், அந்நியமாகவும் இருக்காது.

பையனை ஒரு நாள் அவருடைய பழைய பேன்ட்டில் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னையில் பழைய துணி விற்கிற கடைகளில் வெளிநாட்டுக் கோட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— புகைப்படக் கலைஞர், சென்னை

கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் முன்பக்கத் துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக நழுவினால் அது கான்வாஸ், வாங்கலாம். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே தடிப்பாக இருந்தால் பசை வைத்து ஒட்டியது. நாளாக ஆகக் கொப்புளம் விடும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. அக்குளில் நிறம் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்துப்பூச்சி ஓட்டை தெரியும். தோள் உங்களுக்குச் சரியாக இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். முதல் தடவையாகக் கோட் சூட் தைக்கப்போகிறேன். ஒரு தடவை போட்டுவிட்டுப் பீரோவில் வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. என்ன சொல்லித் தைப்பது?
— அச்சகத் தொழிலாளி, சிவகாசி

நல்ல கேள்வி கேட்டீர்கள். நிறம் கருநீலமோ கரும்சாம்பலோ எடுங்கள், மினுக்கு வேலை வேண்டாம். கோட்டைத் தனியாக ஜீன்ஸோடும், பேன்ட்டைத் தனியாகச் சட்டையோடும் போட முடிய வேண்டும். காலர் மடிப்பு மூன்றேகால் இஞ்ச். ரொம்ப அகலமும் இல்லை, ரொம்பக் குறுகலும் இல்லை, அதனால் சீக்கிரம் பழசாகாது. பேன்ட் இடுப்பு தொப்புளுக்கு ஒரு இஞ்ச் கீழே, பாட்டம் 16.

துணி அளக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்: பேன்ட் பின் நடுத்தையலில் பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச், கோட் முதுகிலும் விலாவிலும் ஒரு இஞ்ச், கை நுனியிலும் பேன்ட் கீழேயும் இரண்டு இஞ்ச் உள்ளே விட வேண்டும். இப்போது அவசரத்தில் ஓவர்லாக் போட்டு அரை இஞ்சோடு வெட்டிவிடுகிறார்கள். கால் மீட்டர் துணி கூடுதலாக ஆகலாம். கொடுங்கள். வெட்டியதில் மிஞ்சுகிற துணியைக் கேட்டு வாங்கி, உபரி பட்டன் இரண்டையும் அதில் முடிந்து உள்பையில் போட்டு வையுங்கள்.

தைக்கும்போதே உள்பையின் துணியில் உங்கள் பேர், மார்பளவு, கல்யாணத் தேதி மூன்றையும் அழியாத பேனாவில் டெய்லரையே எழுதச் சொல்லுங்கள். லைனிங்கை மூடித் தைப்பதற்கு முன்னால் எழுத வேண்டும், அப்போதுதான் துணி தட்டையாக இருக்கும், எழுத்துத் தெளிவாக விழும்.